மகனின் 15-ஆவது பிறந்தநாளுக்கு நண்பர்களோடு இரவு விருந்து: எந்த உணவகத்தைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: மகனுக்கு 15 வயது நிறைகிறது. பள்ளி நண்பர்கள் எட்டுப் பேரோடு வெளியே இரவு விருந்து வேண்டும் என்கிறான். சென்னையில் எப்படிப்பட்ட உணவகத்துக்கு அழைத்துப் போகலாம்?

பதில்:

உணவகத்தைத் தேடுவதற்கு முன்பு ஒரு தாளை எடுத்து, வரப்போகும் எட்டுப் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும், அந்தப் பிள்ளை எதைச் சாப்பிடமாட்டான், எத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், எப்படித் திரும்பிப் போவான் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கே போவது என்பதில் பாதி அந்தத் தாளிலேயே முடிவாகிவிடும். போன வருடம் நான் இதைச் செய்யவில்லை.

என் மகளுக்கு அக்டோபர் முதல் வாரத்தில் பிறந்தநாள். போன வருடம் 14 வயது நிறைந்தது. மேசையிலேயே அடுப்பு வைத்து, கம்பியில் கோத்துச் சுட்டுத் தரும் பஃபே உணவகம்தான் வேண்டும் என்றாள். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். எனக்கும் கணக்கு எளிதாகத் தெரிந்தது. ஒன்பது பேருக்கு முன்பதிவு செய்துவிட்டேன். அது புரட்டாசி மாதம் என்பது என் நினைவுக்கே வரவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. வந்த பிள்ளைகளில் நான்கு பேர் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கறி கிடையாது.

மேசை நடுவே ஒரே அடுப்பு. அதில் கோழிக் கம்பிகளும் பன்னீரும் அன்னாசியும் கோத்த கம்பிகளும் அடுத்தடுத்து இருந்தன. மகளின் தோழி ஒருத்தி பன்னீர்க் கம்பியை எடுக்கக் கையை நீட்டினாள். பக்கத்துக் கம்பியிலிருந்து கொழுப்பு சொட்டி, கரியில் விழுந்து, புகை எழும்பியது. கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். அன்று இரவு அவள் சாப்பிட்டது கொஞ்சம் தயிர் சாதமும் இரண்டு குலாப் ஜாமூனும்தான். நான் போய்க் கேட்டபோது, "பசிக்கவில்லை ஆன்ட்டி" என்று சிரித்தாள். இந்த வயதுப் பிள்ளைகள் அப்படித்தான். தன் ஒருத்தியால் எல்லோருடைய மகிழ்ச்சியும் கெட்டுவிடக் கூடாது என்று வாயையே திறக்கமாட்டார்கள். இறைச்சி ஹலாலா என்று கேட்கக் கூச்சப்பட்டு, இஸ்லாமியத் தோழி ஒருத்தி கோழியைத் தொடாமல் விட்டாள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. உணவகத்தைக் குறை சொல்லமாட்டேன். முன்கூட்டியே கேட்டிருந்தால் தனி அடுப்பு வைத்திருப்பார்கள். கேட்க வேண்டியவள் நான்.

நேரத்திலும் தவறு நடந்தது. எங்களுக்குக் கிடைத்தது ஏழரை மணிப் பந்தி. எட்டரைக்கெல்லாம் ஒரு பிள்ளையின் அப்பா வாசலில் வந்து நின்றுவிட்டார். கேக் வெட்டுவதற்குள் அந்தப் பிள்ளை எழுந்து போக வேண்டியதாயிற்று.

இந்த வருடம் நானும் மகளும் அந்தத் தாளோடு உட்கார்ந்தோம். மீண்டும் புரட்டாசி. எழுதி முடித்ததும் அவளே, "முழுக்கச் சைவமாகவே வைத்துக்கொள்ளலாம் அம்மா. எந்தத் தட்டு வந்தாலும் எல்லோரும் கை வைக்க முடிய வேண்டும்" என்றாள். என்னால் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. தனித்தனியாக ஆர்டர் செய்து அவரவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவது குடும்பச் சாப்பாட்டுக்குச் சரி. நண்பர்கள் கூடும்போது பிள்ளைகளுக்குப் பிடித்ததே ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் பிய்த்துத் தின்பதுதான்.

அசோக் நகர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சைவ உணவகத்தைப் பிடித்தோம். தென்னிந்தியம், வட இந்தியம், சீனம் மூன்றும் கிடைக்கும் இடம். கோபி மஞ்சூரியன், பன்னீர் டிக்கா, நூடுல்ஸ், பரோட்டா எல்லாவற்றையும் நாங்களே முன்தினம் சொல்லிவைத்தோம். இது முக்கியம். மெனு அட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால், சில பிள்ளைகளின் கண் முதலில் விலைப் பக்கம்தான் போகும். இருப்பதிலேயே மலிவானதைச் சொல்லிவிட்டு அது பிடிக்கும் என்பார்கள். சாப்பாடு தானாக மேசைக்கு வந்துவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை. ஜூஸும் ஐஸ்கிரீமும் மட்டும் அவர்கள் விருப்பத்துக்கு விட்டோம்.

பதிவு செய்யும்போது போனோடு நிறுத்தாமல் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். ஒன்பது பேரை ஒரே நீள மேசையில் உட்கார வைத்தால் இரண்டு முனையிலும் இரண்டு தனிக் கூட்டமாகிவிடும். சதுரமாக இணைத்த மேசையோ வட்ட மேசையோ கேளுங்கள். வெளியிலிருந்து கேக் கொண்டுவரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முட்டையில்லாத கேக் வாங்கினால் எல்லோரும் சாப்பிடலாம். முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது இருந்தால் கட்டாயம் சமையலறைக்குச் சொல்லுங்கள். கெட்டியான கிரேவிகள் பலவற்றில் முந்திரி விழுதுதான் அடிப்படை, பார்த்தால் தெரியாது. நண்பர்கள் நுரை ஸ்பிரே வாங்கி வருவார்கள். மெழுகுவர்த்தி எரியும் இடத்தில் அதை அடிக்கவே விடாதீர்கள். எளிதில் தீப்பற்றும், கேக் வெட்டும் பிள்ளையின் முகமும் முடியும் கருகிவிடும். புகை கிளம்பும் இனிப்பு என்று எதையாவது பரிமாற வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் புகைக்காகச் சேர்க்கும் திரவ நைட்ரஜனை உணவோடு நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை 2024-இலேயே எச்சரித்திருக்கிறது.

பில்லைப் பொறுத்தவரை, சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை இருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்துவிட்டது. எங்களுக்கு ஒன்பது பேருக்கு, கேக் நீங்கலாக, 5,000 ரூபாய்க்குச் சற்று மேலே ஆனது.

உங்கள் மகனின் தாளில் எல்லோரும் அசைவம் என்று வந்தால் சைவத்துக்குப் போக வேண்டியதில்லை. அப்போது நான் மந்தி கடையைச் சொல்வேன். ஏமனின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து வந்த சாப்பாடு. பெரிய தாம்பாளத்தில் சோறும் அதன்மேல் முழுக்கோழியோ ஆட்டிறைச்சியோ வரும். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடலாம். பொதுவாக ஹலால்தான், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சென்னையைக் காட்ட ஆசையிருந்தால் அண்ணா சாலை புகாரி இருக்கிறது. சிக்கன் 65 பிறந்தது தங்கள் சமையலறையில், 1965-இல் என்பது அவர்கள் சொல்லும் கதை. அந்தப் பெயருக்கு ஊரில் வேறு பல கதைகளும் உலவுகின்றன. எது உண்மை என்று பையன்கள் அரை மணி நேரம் சண்டை போடுவார்கள்.

எந்த இடமானாலும் ஆறரை மணிக்குத் தொடங்கி, கேக்கை முதலிலேயே வெட்டிவிடுங்கள். எட்டரைக்கு முடியும் என்று எல்லாப் பெற்றோருக்கும் முன்பே செய்தி அனுப்பிவிடுங்கள். நீங்கள் கட்டாயம் உடன் போங்கள், ஆனால் அவர்கள் மேசையில் உட்காராதீர்கள். பக்கத்து மேசைகூட வேண்டாம். முகம் தெரிய வேண்டும், பேச்சு கேட்கக் கூடாது; அவ்வளவு தூரம். நானும் கணவரும் மூன்று மேசை தள்ளி உட்கார்ந்து காபி குடித்தோம்.

அங்கிருந்துதான் பார்த்தேன். ஃபேமிலி ரோஸ்ட் தோசை வந்தது. மேசையின் ஒரு பக்கத்தை முழுக்க அடைக்கும் நீளம். இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வைத்ததுதான் தாமதம், பிள்ளைகள் இரு முனையிலிருந்தும் பிய்க்கத் தொடங்கிவிட்டார்கள். போன வருடம் தயிர் சாதம் சாப்பிட்ட பெண் எழுந்து நின்று நடுப்பகுதியை உடைத்தாள். சாம்பார்க் கிண்ணம் ஒன்று கவிழ்ந்தது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் மகள் எங்கள் மேசைப் பக்கம் வந்தது ஒரே ஒரு முறை, இன்னொரு ரோஸ்ட் சொல்லலாமா என்று கேட்க.