நானோ பூச்சைத் தேய்க்கும்போது வரும் தூசி உடலுக்குக் கெடுதலா? முகக்கவசம் போட்டால் போதுமா?

மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாகும். கார்பன் நானோகுழாய் எனப்படும், கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்களின் தூளை எடைபோட்டுக் கொடுப்பது என் வேலையாக இருந்த இரண்டு ஆண்டுகளில் அது எனக்குப் பழகிப்போயிருந்தது. திறந்த மேசையில் தராசு, முகத்தில் ஒரு துணிக் கவசம், சிந்திய தூளைத் துடைக்க உலர்ந்த காகிதம். பக்கத்தில் மின்விசிறி வேறு சுற்றிக்கொண்டிருக்கும். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாள் முழுக்கக் கையாண்டாலும் சில நூறு மில்லிகிராம்தான். இத்தனூண்டு தூள் என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டோம். பிற்பாடு அதே ஆய்வுக்கூடத்தின் பாதுகாப்புப் பொறுப்பு என்னிடம் வந்தபோதுதான் அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்று தெரிந்தது.

நானோ பொருள் கலந்த பூச்சுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதாகச் சொல்கிறீர்கள். அந்தத் தூசி உள்ளே போனால் என்ன ஆகும், வெளிக்காற்றில் உள்ள நுண்துகளும் இதுவும் ஒன்றா, முகக்கவசம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அன்று யாராவது சொல்லியிருக்க வேண்டியதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் விஷயம், இதன் ஆபத்தை எடையை வைத்து மதிப்பிடக் கூடாது. 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளதைத்தான் நானோ என்கிறோம். காற்று மாசுச் செய்திகளில் வரும் பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டருக்கு, அதாவது 2,500 நானோமீட்டருக்கு உட்பட்ட துகள்கள். 2.5 மைக்ரோமீட்டர் உருண்டை ஒன்றை 20 நானோமீட்டர் உருண்டைகளாக உடைத்தால் கிட்டத்தட்ட 20 லட்சம் கிடைக்கும். எடை அதேதான். மொத்த மேற்பரப்பு மட்டும் 125 மடங்கு ஆகிவிடும். நம் செல்கள் தொடுவதும் வினைபுரிவதும் அந்த மேற்பரப்போடுதான். பூச்சுகளில் வெண்மைக்குச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடை 20 நானோமீட்டர் அளவிலும் 250 நானோமீட்டர் அளவிலும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் 1990களில் வந்தன. ஒரே பொருள், ஒரே எடை. ஆனால் சிறிய துகளைப் பெற்ற எலிகளின் நுரையீரலில் அழற்சி மிக அதிகம். எடைக்குப் பதிலாக மேற்பரப்பைக் கணக்கில் எடுத்தபோது இரண்டு முடிவுகளும் ஒரே கோட்டில் வந்து நின்றன. அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல நிறுவனமான நியோஷ் 2011இல் இதே பொருள் வேலையிடக் காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு இரண்டு வரம்புகளைப் பரிந்துரைத்தது இதனால்தான்: சாதாரணத் தூளுக்குக் கன மீட்டருக்கு 2.4 மில்லிகிராம், நானோ தூளுக்கு 0.3 மில்லிகிராம். வேதியியல் பெயர் ஒன்றுதான், வரம்பு எட்டில் ஒரு பங்காகிவிட்டது.

அடுத்தது, கீழே விழாத தன்மை. அசையாத காற்றில், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 10 மைக்ரோமீட்டர் துகள் தரைக்கு வர ஏறக்குறைய 8 நிமிடம். 1 மைக்ரோமீட்டர் துகளுக்கு அரை நாள். 0.1 மைக்ரோமீட்டர் துகளுக்குக் கிட்டத்தட்ட 20 நாள். எந்த அறையிலும் காற்று அப்படி அசையாமல் நிற்பதில்லை என்பதால், மிகச் சிறியவை தாமாக இறங்குவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரிந்த தூசி அடங்கியதும் கவசத்தைக் கழற்றுகிறோமே, அந்த நேரத்தில் நமக்குத் தெரியாதது இன்னும் முகத்துக்கு நேரே மிதந்துகொண்டிருக்கிறது.

உள்ளே போனால் என்ன ஆகும்? பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். மூச்சுக்குழாயில் படிபவற்றை, அங்கே உள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியோடு மேலே தள்ளிவிடும். என் கைக்குட்டையில் வந்த கறுப்பு, உடல் தடுத்து நிறுத்திய பங்கு. கவலைப்பட வேண்டியது கைக்குட்டைக்கு வராத பங்கைப் பற்றி. நுரையீரலின் கடைசியில் 30 கோடிக்கு மேற்பட்ட காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. 20 நானோமீட்டர் அளவுள்ள துகள்களில் ஏறக்குறைய பாதி அங்கே போய்ப் படியும். அங்கே மயிரிழையும் கிடையாது, சளியும் கிடையாது. காவலுக்கு இருப்பவை விழுங்கு செல்கள் மட்டுமே. வந்த துகளை விழுங்கி அப்புறப்படுத்துவது அவற்றின் வேலை.

துகள் நீளமான இழையாக இருந்தால் அந்த வேலை நின்றுபோகும். செல்லைவிட இழை நீளம், முழுதாக விழுங்க முடியாது. பாதி விழுங்கிய நிலையில் செல் தன் அமிலத்தையும் நொதிகளையும் வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும்; சுற்றியுள்ள திசு புண்ணாகும், ஆறாது, மறுபடி புண்ணாகும். ஆஸ்பெஸ்டாஸ் என்ற கனிம இழை இப்படித்தான் மனிதர்களைக் கொன்றது, அதுவும் சுவாசித்து 20 முதல் 50 ஆண்டுகள் கழித்து. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், நீளமான, விறைப்பான கார்பன் நானோகுழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது, அந்த அறையின் உட்சவ்வில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டாக்குவது போன்ற அழற்சி வந்தது. குட்டையாக, சுருண்டு சிக்கலாகக் கிடந்த குழாய்கள் அதைச் செய்யவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற ஒரு நானோகுழாய் வகையை மட்டும் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்ற வகைகளை வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்றது. எனவே 'நானோகுழாய்' என்ற பெயரைக் கேட்டு மட்டும் ஒரு முடிவுக்கு வர முடியாது. எவ்வளவு நீளம், எவ்வளவு விறைப்பு, உடலில் கரையுமா கரையாதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நுரையீரலோடு நின்றுவிடுவதும் இல்லை. 2017இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தன்னார்வலர்களைத் தங்க நானோ துகள்களைச் சுவாசிக்க வைத்துப் பார்த்தார்கள். தங்கம் எளிதில் வினைபுரியாது, உடலில் இயல்பாகவும் இல்லாதது, அதனால் தடம் பிடிக்க வசதி. சிலருக்கு 15 நிமிடத்தில், பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்துக்குள், அது இரத்தத்தில் தென்பட்டது. மூன்று மாதம் கழித்தும் இருந்தது. இரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அழற்சியான இடங்களில் அது போய்ச் சேர்வதையும் கண்டார்கள். நுண்துகள் ஏன் இதயத்தைத் தாக்குகிறது என்ற நெடுநாள் கேள்விக்கு, நான் படித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கிய பதில் இதுதான்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. உடலுக்குள் நுழையும் வழி ஒன்றுதான், ஆதாரத்தின் கனம் வேறு. தொழிற்சாலையில் செய்யப்படும் நானோ பொருட்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எலிகளிடமிருந்தும் செல் வளர்ப்புத் தட்டுகளிலிருந்தும் வந்தது. வெளிக்காற்று நுண்துகளைப் பற்றித் தெரிந்தது மனிதர்களின் மரணக் கணக்கிலிருந்து வந்தது. 1993இல் வெளியான ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வு, 8,000க்கும் மேற்பட்டவர்களை 14 முதல் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்த பிறகும், மிக மாசான நகரத்தில் இறப்பு வீதம் மிகத் தூய்மையான நகரத்தைவிட 26 சதவீதம் அதிகமாக இருந்தது. டீசல் புகையை 2012இலும், வெளிக்காற்று மாசையும் அதிலுள்ள நுண்துகளையும் 2013இலும் புற்றுநோய் முகமை முதல் பிரிவில் சேர்த்தது. 'உண்டாக்கக்கூடும்' என்ற 2பி அல்ல, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றுக்கான முதல் பிரிவு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம் 2.5க்கான ஆண்டு சராசரி வரம்பைக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5ஆகக் குறைத்தது. உலகில் 99 சதவீதம் பேர் அந்த அமைப்பின் வரம்புகளை மீறிய காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

நானோ துகள் நவீனத் தொழில்நுட்பம் கொண்டுவந்த புதுப் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். எதை எரித்தாலும் வருவது அதுதான். துகள் எண்ணும் கருவியை ஒரு வார இறுதியில் வீட்டுக்கு எடுத்துப் போனேன். கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் என்று காட்டிக்கொண்டிருந்தது, அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்ததும் லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் நான் தூளை எடைபோட்டபோதுகூட அத்தனை பார்த்ததில்லை. அன்றிலிருந்து புகைபோக்கி விசிறியைப் போடாமல் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை.

இனி உங்கள் வேலை. நானோ பொருள் பூச்சுக்குள்ளோ பிசினுக்குள்ளோ பிணைந்து கிடக்கும்வரை பயமில்லை. தேய்க்கும்போது வரும் தூசியிலும் பெரும்பாலானவை பூச்சின் சில்லுகளே. நானோ பொருள் அவற்றுக்குள் சிக்கியபடிதான் வெளியே வரும், தனித்துப் பறப்பது குறைவு. இது ஆறுதலான செய்தி. ஆனால் அந்தச் சில்லுகளே சுவாசிக்கத்தக்க அளவில் இருக்கும் என்பதால், எதுவும் கலக்காத பூச்சென்றாலும் அந்தத் தூசி நல்லதல்ல. பூச்சுக்குள் தூளைக் கொட்டிக் கலப்பவர் உங்கள் கூடத்தில் யாராவது இருந்தால், உங்களைவிட அவருக்குத்தான் ஆபத்து அதிகம். தயவுசெய்து அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

முகக்கவசத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: துகள் சிறிதாகச் சிறிதாக வடிகட்டியின் ஓட்டைகளில் நழுவிப் போய்விடும் என்று. அப்படி இல்லை. வடிகட்டி சல்லடை போல வேலை செய்வதில்லை. மிகச் சிறிய துகள்களைக் காற்றின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருப்பதால் அவை நேராகப் போவதில்லை, அலைந்து அலைந்து இழையில் போய் ஒட்டிக்கொள்ளும். பிடிக்கக் கடினமானது 0.3 மைக்ரோமீட்டர் அளவை ஒட்டியவைதான். அதனால்தான் என்95 கவசத்தை அந்த அளவில் 95 சதவீதத்துக்கும், நுண்துகளைப் பிடிக்கவென்றே செய்த ஹெப்பா வடிகட்டியை 99.97 சதவீதத்துக்கும் சோதிக்கிறார்கள். நானோ துகளை என்95 நன்றாகவே பிடிக்கும். பிடிக்காதது முகத்தின் ஓரத்து இடுக்கு வழியே வருவதை. தாடி இருந்தால் அந்த இடுக்கு அடைபடாது. துணிக் கவசமும், மருத்துவமனைகளில் போடும் நீலக் கவசமும் இந்த வேலைக்கு உதவாது.

ஆனாலும் கவசம் கடைசித் தடுப்புதான். தூசி பறக்காமல் செய்வதே முதல் வேலை. முடிந்த இடத்தில் ஈர உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். நான் பார்த்தவரை இது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். இயந்திரத்தால் தேய்த்தால், தூசி பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சும் ஹெப்பா வடிகட்டி வைத்த உறிஞ்சியை அதோடு இணையுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். கம்ப்ரஸர் காற்றால் மேசையையோ உடையையோ ஊதவே கூடாது. எங்கள் கூடத்தில் கருவி மிக உயரத்துக்குப் போன நாள், ஒருவர் மேசையை அப்படி ஊதிச் சுத்தம் செய்த நாள். வேலை உடையை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் இன்னும் கண்டிப்பாக.

தோலில் பட்டால் என்ன என்று கேட்பீர்கள். காயமில்லாத தோலை டைட்டானியம் டை ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும் குறிப்பிடத்தக்க அளவில் ஊடுருவுவதில்லை. வெயில் களிம்புகளில் அவை இருப்பதற்காகப் பயப்பட வேண்டாம். அதையே ஸ்ப்ரேயாக அடிப்பதுதான் வேண்டாம், அது மூச்சில் போகும்.

பூச்சு டப்பாவோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளை வாங்கிப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் வரம்பு பல நேரம் பெரிய துகளுக்கு உரியது. கார்பன் நானோகுழாய்க்குக் கிராஃபைட்டின் வரம்பைப் போட்ட தாள்களை நானே பார்த்திருக்கிறேன். நானோகுழாய்க்கு நியோஷ் 2013இல் பரிந்துரைத்தது கன மீட்டருக்கு வெறும் 1 மைக்ரோகிராம். வேலையிடத்துக்குத் தூசி அளக்க யாராவது வந்தால், கருவி எந்த அளவு வரை காணும் என்று கேளுங்கள். ஒளியைச் சிதறவைத்து எண்ணும் சாதாரணக் கருவிகள் பெரும்பாலும் 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ளதைக் காண்பதில்லை. 'சுழியம்' என்று காட்டினால் அதற்குக் கீழே ஒன்றும் இல்லை என்று ஆகாது.

இன்னும் ஒன்று, அதை இந்த மாதமே செய்யுங்கள். மருத்துவரிடம் போய் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுத்திறன் சோதனை செய்து, முடிவைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். நுரையீரலின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். உங்கள் பழைய எண் கையில் இருந்தால்தான் பின்னால் வரும் சிறு குறைவும் தெரியும். நான் அந்தச் சோதனையை முதலில் செய்தபோது தூளோடு பழகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. முடிவு இயல்பாகத்தான் வந்தது. ஆனால் அதற்கு முன் என் நுரையீரல் எப்படி இருந்தது என்று ஒப்பிட என்னிடம் எந்தத் தாளும் இல்லை.