கொத்து வேலை வகுப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தர்மபுரி பக்கம் உயர்நிலை, மேல்நிலைப் பிள்ளைகளுக்குக் கட்டட வேலை சொல்லித்தருகிறேன். இந்த மாவட்டத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்த கேள்விகளில், ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பாலக்கோடு, ஆசிரியை: எங்கள் பள்ளியில் கொத்து வேலை சொல்லித்தர ஆசை சார். சிமெண்ட், எம்சாண்ட் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. குறைந்த செலவில் முடியுமா?

முடியும் டீச்சர். முதல் பருவத்துக்குச் சிமெண்டே வாங்காதீர்கள். செம்மண்ணைச் சலித்து, கொஞ்சம் மணல் சேர்த்து, முந்தின நாளே தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். மறுநாள் மிதித்துக் குழைத்தால் கரணையில் (சாந்து அள்ளிப் பூசும் கருவி) ஒட்டாமல் வழுக்கி இறங்கும் பதம் வரும். வரிக்கு, அதாவது ஒரு வரிசைக்கு, ஐந்து செங்கல், எட்டு வரி என்று வைத்தால் ஒரு குழுவுக்கு நாற்பது கல் போதும். சாயங்காலம் சுவரைப் பிரித்து, கல்லைச் சுரண்டி அடுக்கிவிட்டால் அதே கல் அடுத்த வாரத்துக்கும் ஆகும். உடைந்தது போக மிச்சம் வருஷம் முழுக்க ஓடும்.

செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். சைட்டில் கட்டின சுவரைப் பிரித்துப் பார்க்க எந்த மேஸ்திரி விடுவார்? பள்ளியில் மட்டும்தான் அது நடக்கும். கோணலாக வந்த சுவரைப் பிள்ளையே வரி வரியாக எடுத்துப் பார்த்து, மூன்றாவது வரியிலேயே மட்டம் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கும்போது வேலை புரிந்துவிடும். சிமெண்டில் கட்டினால் இறுகிப் போய்விடும், அந்த வாய்ப்பும் போய்விடும்.

பென்னாகரம், ஒரு அப்பா: நான் பல வருஷமாகப் பெங்களூரில் கொத்தனார். என் பையனாவது வெயிலில் நிற்கக் கூடாது என்றுதான் படிக்க அனுப்புகிறேன். அங்கேயும் கையில் கரணையைக் கொடுத்தால் எப்படிங்க?

அண்ணே, உங்கள் கோபம் நியாயம்தான். பையனைக் கூலிக்குத் தயார் பண்ணுவதாக இருந்தால் நானும் இந்த வகுப்பை எடுக்க மாட்டேன். அவனுக்கு எல்லாக் கதவும் திறந்தே இருக்கிறது. பத்து முடித்து பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ சிவில் டிப்ளமோ போகலாம். மேல்நிலைத் தொழிற்பிரிவில் கட்டடப் பொறியியலே ஒரு பாடமாக இருக்கிறது. அதை முடித்தவர்கள் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டு சேரவும் வழி உண்டு. இது எதுவுமே வேண்டாம், வேறு படிப்புக்குப் போகிறான் என்றாலும், சொந்த வீடு கட்டும்போது யாரும் அவனை ஏமாற்ற முடியாது. அப்புறம் ஒன்று. நீங்கள் ஊருக்கு வரும்போது ஒரு நாள் வகுப்புக்கு வாருங்கள். சுவருக்குச் செங்கோண மூலை எடுப்பதை நான் சொல்லிக் காட்டுவதைவிட நீங்கள் செய்து காட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். உங்கள் பையனும் பார்க்கட்டுமே.

ஓசூர், மேஸ்திரி: கோடை லீவில் நாலு பசங்களை சைட்டுக்கு அனுப்புங்க சார், சம்பளமும் தர்றேன்.

மாட்டேன் மேஸ்திரி. 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பதே குற்றம். 14 முதல் 18 வரை ஆபத்தான வேலை கூடாது. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் சேரவே 18 நிறைய வேண்டும். சாரத்திலிருந்து ஒரு பையன் விழுந்தால் அவன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது?

கிருஷ்ணகிரி, தலைமையாசிரியர்: பள்ளிச் சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கிறது. பயிற்சியோடு பயிற்சியாகப் பிள்ளைகளையே கட்டச் சொல்லலாமா?

வேண்டாம் ஐயா. நாளைக்குப் பிள்ளைகள் சாய்ந்து நிற்கப் போகும் சுவர் அது. செடிப் பாத்தி ஓரத்துக்கு இரண்டு வரி வைக்கச் சொல்லுங்கள், போதும்.

அரூர், ஒன்பதாம் வகுப்பு மாணவி: நான் கட்டும் சுவர் மேலே போகப் போக என் பக்கமே சாய்கிறது. நூல் பிடித்துத்தான் வைக்கிறேன் சார்.

நூல் வரியின் நேரைத்தான் சொல்லும்மா. சாய்வைச் சொல்வது தூக்குக்குண்டு. குண்டோடு ஒரு கட்டை இருக்கும், அதன் அகலமும் குண்டின் அகலமும் ஒன்று. கட்டையை மேல் வரியில் ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே இறக்கு, ஆட்டம் நிற்கும்வரை பொறு. குண்டு சுவரை லேசாகத் தொட்டும் தொடாமலும் நின்றால் சரி. சுவரை விட்டு விலகி நின்றால் மேல்பக்கம் உன்னை நோக்கி வந்திருக்கிறது. முதலில் இரண்டு மூலையிலும் பார், மூன்று வரிக்கு ஒரு தடவை பார்.

காரணம் பெரும்பாலும் கையில் இருக்கும். கல்லை வைத்ததும் கரணைப் பிடியால் முன் ஓரத்திலேயே தட்டுகிறாயா? முன்பக்கச் சாந்து பிதுங்கிக் கல் முன்னால் சரியும். நடுவில் தட்டு. சாந்து இறுகின பிறகு தட்டி நேராக்கப் பார்க்காதே, கல்லுக்கும் சாந்துக்கும் பிடிப்பு விட்டுவிடும். எடுத்துவிட்டுப் புதுச் சாந்தில் வை.

காரிமங்கலம், கணித ஆசிரியர்: இதில் என் பாடத்துக்கு இடம் உண்டா?

செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை ஒளித்து வைத்துவிட்டு 3, 4, 5 அடியில் மூலை எடுக்கச் சொல்லுங்கள், பிதாகரஸ் தானாக வருவார். அப்புறம் கல் கணக்கு. 230, 110, 75 மில்லிமீட்டர் கல்லுக்குச் சாந்து 10 மில்லி சேர்த்தால் முகம் 240க்கு 85. கல்லின் அகலமே சுவரின் கனமாக வரும் அரைக்கல் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 49 கல் வரும். ஆனால் நம் சூளைக் கல் ஒவ்வொரு லோடுக்கும் கொஞ்சம் மாறும். பத்துக் கல்லை வரிசையாக வைத்து அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை, ஒரு அம்மா: பெண்ணின் விரலெல்லாம் சிமெண்டால் புண்ணாகிவிட்டது.

ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும் காரம் அம்மா. ரப்பர் கையுறை இல்லாமல் தொட விடாதீர்கள். பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் நன்றாகக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இப்போது இருக்கும் புண்ணையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், ஆறும்வரை கலவைப் பக்கம் வேண்டாம்.

பாப்பிரெட்டிப்பட்டி, ஆசிரியர்: எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறது. கட்டின சுவரில் வெள்ளை பூக்கிறது. அதனால்தானா?

ஃப்ளோரைடு பல்லைக் கெடுக்கும், இந்த வெள்ளைக்கு அதைக் குற்றம் சொல்ல வேண்டாம். கல்லிலோ மணலிலோ தண்ணீரிலோ இருக்கும் வேறு உப்புகள் ஈரத்தோடு வெளியே வந்து, காய்ந்ததும் பூக்கின்றன. எது என்று பிள்ளைகளே பார்க்கட்டும். ஒரு தட்டில் 25 மில்லிமீட்டர் உயரத்துக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிக் கல்லை நிறுத்தி வையுங்கள். தண்ணீர் முழுக்க உறிஞ்சிக் காய்ந்ததும் இன்னொரு தடவை அதே அளவு ஊற்றிக் காய விடுங்கள். கல்லின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் வெள்ளை என்றால் பரவாயில்லை. பாதிக்கு மேல் பூத்துப் பொடிப் பொடியாக உதிர்ந்தால் அந்தச் சூளையில் இனி கல் வாங்காதீர்கள். கல்லில் ஒன்றும் பூக்கவில்லை என்றால் அடுத்து மணலையும் தண்ணீரையும் சோதியுங்கள்.