சுங்குடியில் தைத்த குயில்ட் டேபிள் மேட் துவைத்ததும் ஏன் சுருங்கிச் சுளிக்கிறது?

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கும் ஒரே அளவில் சுருங்காததுதான் காரணம். புதுச் சுங்குடியில் கஞ்சி இருக்கும். முதல் துவையலில் அது போய்ப் பருத்தி இறுகும். உள்ளே வைத்த பாலியஸ்டர் பஞ்சு அப்படியே நிற்கும். தையலோரம் சுளிக்காமல் என்ன செய்யும்? அதனால் வெட்டுமுன் மேல்துணி, அடித்துணி இரண்டையும் அரை மணி நேரம் ஊறவைத்து அலசி, லேசான ஈரத்தோடு இஸ்திரி போடுங்கள். அரக்குச் சிவப்பைத் தனியாக அலசுங்கள், சாயம் இறங்கலாம்.

துவைக்குமுன்பே சுளித்தால் கோளாறு தையலில். தையல் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் அழுத்தம் அதிகமானால் மேல்துணி முன்னே தள்ளப்பட்டு, குறுக்குத் தையல் சந்திக்கும் இடத்தில் மடிப்பு விழும். அழுத்தத்தைக் குறைத்து, தையல் நீளத்தை 3 மி.மீ. வையுங்கள். 4 அங்குலத்துக்கு ஒரு ஊக்கு குத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள். 12 அங்குல மேட்டுக்கு 14 அங்குலம் வெட்டி, தைத்த பிறகே அளவுக்கு நறுக்குங்கள்.