லாபம் ஏறியும் பங்கு விலை ஏறாதது ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் இபிஎஸ் (ஒரு பங்குக்கான லாபம்) நான்கு ஆண்டுகளாக ஏறுகிறது. ஆர்ஓஇ (பங்குதாரர் மூலதனத்தின் மீதான லாப விகிதம்) 12 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. விலை மட்டும் அசையவில்லை. சந்தை தவறா, இந்த அளவீடுகள் தவறா?
க.

அன்புள்ள க.,

முதலில் அந்த 18ஐப் பிரித்துப் பாருங்கள். பங்குதாரர் மூலதனம் 100 கோடி, லாபம் 12 கோடி என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகம் 50 கோடி கடன் வாங்கி பைபேக் செய்கிறது, அதாவது தன் பங்குகளையே திரும்ப வாங்குகிறது. வரிச்சலுகை போக வட்டி 3 கோடி. இப்போது லாபம் 9 கோடி, மூலதனம் 50 கோடி. ஆர்ஓஇ 18! தொழிலில் ஒன்றுமே மாறவில்லை, கடன் ரிஸ்க்தான் கூடியிருக்கிறது.

இபிஎஸ்ஸின் கோளாறு இன்னும் ஆழமானது. கடனுக்கு வட்டியைக் கழிக்கும் கணக்கு, பங்குதாரர் பணத்துக்கு எதையும் கழிப்பதில்லை. கடனே இல்லாத அதே 100 கோடி நிறுவனத்தின் மூலதனச் செலவு (பணம் போட்டவர்கள் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச வருமானம்) 10 சதவீதம் என்றால், அது உண்மையில் கூட்டிய மதிப்பு 2 கோடி. ஈட்டிய லாபத்தைப் பங்கிடாமல் வைத்திருந்து, அதில் 50 கோடியை 8 சதவீதம் தரும் திட்டத்தில் போட்டால் லாபம் 16 கோடி ஆகும். இபிஎஸ் மூன்றில் ஒரு பங்கு உயரும். ஆனால் 150 கோடிக்கான செலவு 15 கோடி. மிஞ்சுவது 1 கோடிதான். சந்தை தண்டிப்பது இதைத்தான்.

இப்படி மூலதனச் செலவையும் கழித்துப் பார்ப்பதே இவிஏ (பொருளாதார மதிப்புக் கூட்டல்). அதுவும் முடிந்த முடிவல்ல. பிடில், போவன், வாலஸ் என்ற ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பங்கின் வருமானத்தோடு இவிஏயைவிடச் சாதாரண லாபமே நெருக்கமாகப் பொருந்தியது. மூலதனச் செலவு ஓர் அனுமானம். 10க்குப் பதில் 12 என்று போட்டால் மேலே சொன்ன 2 கோடி பூஜ்யமாகிவிடும். தவிர, எந்த அளவீடும் ஓராண்டைத்தான் பார்க்கிறது. விலையில் வருங்கால எதிர்பார்ப்பு முன்பே ஏறியிருக்கும்.

உங்கள் நிறுவனத்தின் ஐந்தாண்டு அறிக்கைகளை எடுங்கள். வரி கழித்த செயல்பாட்டு லாபம் எவ்வளவு கூடியது, கடனும் பங்குமாகச் சேர்ந்த மூலதனம் எவ்வளவு கூடியது? முன்னதைப் பின்னதால் வகுங்கள். அது மூலதனச் செலவுக்கு (நம் உதாரணத்தில் 10 சதவீதம்) கீழே வந்தால் விலை அசையாததில் வியப்பில்லை. தள்ளுபடி செய்த பழைய முதலீடுகளை மூலதனத்தில் திரும்பச் சேர்க்க மறக்காதீர்கள். தோற்ற முதலீட்டை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டால் விகிதம் தானாக அழகாகிவிடும். பிறகு ஐந்தாண்டு லாபத்தின் கூட்டுத்தொகையையும் செயல்பாட்டுப் பணவரவின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் வையுங்கள். பணவரவு மிகவும் பின்தங்கினால், வசூலாகாத பாக்கியிலும் தேங்கிய சரக்கிலும் லாபம் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.