புலி முதுகுல தலை வச்சுத் தூங்கினவங்க

கேள்வி: என் பையன் போன்ல ஒரு படம் காட்டினான், படுத்திருக்கிற புலி மாதிரி ஒரு பீங்கான் சாமான், அது அந்தக் காலத்து சீனாவுல தலையணையாம். பீங்கான்ல தலை வச்சா வலிக்காதுங்களா? அதுலயும் எதுக்குப் புலி? – ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நெஜமாவே தலை வச்சுத் தூங்கினதுதாங்க. சிலது கல்லறைக்குள்ளயும் கிடைச்சிருக்கு, ஆனா வீட்டுப் புழக்கத்துல இருந்த பொருள்தான். நம்ம பாலக்காட்டுப் பக்கம் ஏப்ரல் மத்தியானம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், எங்க அம்மிச்சி கடைசி வரைக்கும் வெறும் மணைப்பலகையத்தான் தலைக்கு வச்சுப் படுத்தாங்க, பஞ்சுத் தலையணை குடுத்தா காது கொதிக்குதுன்னு தள்ளி விட்ருவாங்க. அங்கயும் அதே கணக்குதான், பீங்கான் ஜில்லுனு இருக்கும். சோங் காலத்துக் (960–1279) கவிஞர் ஜாங் லெய், நண்பர் குடுத்த பீங்கான் தலையணைய ரூமுக்குள்ள கொண்டுவந்ததும் குளுந்த காத்தே வந்துருச்சுன்னு பாடியிருக்கார். பழகின கழுத்துக்கு வலி தெரியாதுங்க.

உங்க பையன் காட்டினது வட சீனாவுல, ஜின் ஆட்சியில (1115–1234) செஞ்ச வகையா இருக்கும், அங்க இருந்த ட்ஸூஜோங்கிற ஊர்ச் சூளைகளோட பேர்ல ட்ஸூஜோ பாணின்னு சொல்வாங்க. புலியோட உடம்பு காவியும் பழுப்புமா, மேல கருப்புக் கோடு. முதுகு மட்டும் வெள்ளையா, தலை உக்கார்ற மாதிரி லேசா குழிஞ்சிருக்கும், அந்தக் குழியில ஒரு பறவை, ரெண்டு நாணல்னு நாலே இழுப்புல வரைஞ்சிருப்பாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த இடம்தான்.

புலி எதுக்குன்னா, காவலுக்கு. குழந்தை ராத்திரி பயந்து அழுதா நாம தலைமாட்டுல வேப்பிலை, அருவா வைக்கிறோமில்ல, அந்த மாதிரி. இந்த வழக்கம் ஜின் ஆட்சிக்கும் பழசு, தாங் காலத்துல (618–907) வேய் மகாராணியோட தங்கச்சி கெட்டது அண்டாம இருக்க சிறுத்தைத் தலை வடிவத்துல ஒண்ணு, ஆம்பளப் பிள்ளை பொறக்க படுத்த கரடி வடிவத்துல ஒண்ணுன்னு தலையணை வச்சிருந்தாங்கன்னு அந்த நாட்டு வரலாற்று நூல்லயே இருக்கு.

இன்னொண்ணு, இதெல்லாம் உள்ள வெத்தா இருக்கும், எங்கயாவது ஒரு சின்ன ஓட்டையும் இருக்கும். அது உடைசல் இல்லீங்க, ஓட்டை விடலைன்னா சூளையில உள்ள அடைஞ்ச காத்து சூடாகி வெடிச்சிரும், நம்ம அய்யனார் கோயில் மண்குதிரைக்கு ஓட்டை விடுறதும் இதுக்குத்தான். ட்ஸூஜோ தலையணை சிலதைத் திருப்பினா அடியில செஞ்ச குயவர் குடும்பத்தோட முத்திரை குத்தியிருக்கும்: ‘ஜாங் குடும்பம் செஞ்சது’.