என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டங்களில் கிக்கர்கள் இப்போதெல்லாம் கிக் ஆஃபை ஏன் முழு பலத்தோடு உதைப்பதில்லை?

முழு பலத்தோடு உதைத்தால் நஷ்டம், அதுதான் காரணம். அதை நஷ்டமாக்க லீக்குக்குப் பல வருடம் பிடித்தது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக: ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலும், ஒரு அணி புள்ளி எடுத்த பிறகும், பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பதுதான் கிக் ஆஃப். பந்து எண்ட் ஸோனுக்குள், அதாவது கோல் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பகுதிக்குள் போய், எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடாமல் விட்டுவிட்டால் டச்பேக். அப்புறம் அவர்கள் எந்தக் கோட்டிலிருந்து ஆடத் தொடங்கலாம் என்பதை விதி சொல்லும். கோடுகளை அந்தந்த அணியின் கோல் கோட்டிலிருந்து நடுக்கோடான 50 வரை யார்டில் எண்ணுவார்கள். தன் பக்கத்தில் எண் கூடக்கூட அந்த அணிக்கு லாபம்.

பழைய முறையில் உதைக்கும் அணியின் பத்துப் பேர் தலைதெறிக்க ஓடிவந்து எதிரே வருபவர்கள் மீது மோதுவார்கள். பார்க்க விறுவிறுப்பு, மோதுகிறவருக்கு ஆபத்து. 2007-இல் பஃபலோ பில்ஸ் வீரர் கெவின் எவரெட்டுக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டது இப்படி ஒரு கிக் ஆஃபில்தான். அவர் மறுபடி எழுந்து நடந்ததே பெரிய விஷயம். 2011-இல் உதைக்கும் இடத்தை 30 யார்டு கோட்டிலிருந்து 35-க்கு நகர்த்தினார்கள், 2018-இல் ஓடிவந்து வேகம் பிடிப்பதைத் தடுத்தார்கள். மோதல் குறைந்தது, கூடவே கிக் ஆஃபே செத்துப்போனது. 2023 சீசனில் ஐந்தில் ஒன்றைத்தான் யாராவது எடுத்து ஓடினார்கள். அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் 13 கிக் ஆஃப், பதின்மூன்றுமே டச்பேக். 2007 சூப்பர் பவுலின் முதல் உதையையே பிடித்து 92 யார்டு ஓடி டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எண்ட் ஸோனை எட்டுவது) போட்டவர் டெவின் ஹெஸ்டர். அதை ரசித்தவர்களுக்கு இது என்ன கொடுமை! நான் அந்த நேரத்தில் காபி போடப் போய்விடுவேன்.

2024-இல் எக்ஸ்எஃப்எல் என்ற சின்ன லீக்கிடமிருந்து வேறொரு முறையைக் கொஞ்சம் மாற்றிக் கடன் வாங்கினார்கள். கிக்கர் மட்டும் 35-இல் தனியாக நிற்பார். அவருடைய அணியின் மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40 யார்டு கோட்டில், எதிரணித் தடுப்பாளர்களுக்கு ஐந்தே யார்டு தள்ளி நிற்பார்கள். பந்து தரையையோ பிடிப்பவரையோ தொடும்வரை இவர்கள் அசையக் கூடாது. கோல் கோட்டிலிருந்து 20 யார்டு வரை பந்து இறங்க வேண்டிய பகுதி. அதற்கு முன்பே விழுந்தால் எதிரணிக்கு 40-இல் பந்து. நேராக எண்ட் ஸோனுக்குப் பறந்தால் 30-இல்.

அந்த 30-ஐ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "30 தானே, போகட்டும்" என்று பயிற்சியாளர்கள் கிக்கரை ஓங்கி உதைக்கச் சொன்னார்கள். மூன்றில் ஒன்றுதான் திரும்பி ஓடப்பட்டது. 2025-இல் அதை 35 ஆக்கியதும் முக்கால்வாசி உதைகளை எடுத்து ஓட ஆரம்பித்துவிட்டார்கள். வெறும் ஐந்து யார்டு! ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் அது ஃபீல்டு கோல். இப்போது 60 யார்டு ஃபீல்டு கோல் அடிக்கும் கிக்கர்கள் இருக்கிறார்கள். அதற்கு எதிரணியின் 43 யார்டு கோட்டை எட்டினால் போதும் (கம்பம் கோல் கோட்டுக்குப் பத்து யார்டு பின்னால், உதைப்பது ஏழு யார்டு பின்வாங்கி). 35-இல் தொடங்கினால் 22 யார்டுதான் பாக்கி. இரண்டு நல்ல பாஸ், மூன்று புள்ளி. எந்தப் பயிற்சியாளர் அதைச் சும்மா கொடுப்பார்?

விதியில் இன்னொரு வரி இருக்கிறது, கிக்கர்களுக்குத் தீனி போட்டது அதுதான். பந்து இறங்கும் பகுதியில் முதலில் விழுந்து, பிறகு எண்ட் ஸோனுக்குள் உருண்டு டச்பேக் ஆனால் எதிரணிக்கு 20 யார்டு கோடுதான். அதனால் இப்போது தாழ்வாக, சுழற்சியே இல்லாமல், காற்றில் தள்ளாடும்படி உதைக்கிறார்கள். ஜாகீர் கான் போட்ட நக்கிள் பால் நினைவிருந்தால் புரியும், அதே சூட்சுமம்தான். எங்கே விழும், எந்தப் பக்கம் எகிறும் என்று பிடிப்பவருக்குத் தெரியாது. 2025 தொடக்கத்தில் ராம்ஸ் அணியின் ஜோஷ்வா கார்ட்டி இதில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். பாவம், ஃபீல்டு கோல்களைத் தவறவிட்டதில் அதே சீசனில் அவருடைய இடம் போய்விட்டது. கிக்கரின் சம்பளம் இன்னும் அங்கேதான் தீர்மானமாகிறது.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2010 சூப்பர் பவுலில் பின்தங்கியிருந்த செயிண்ட்ஸ் அணி, இரண்டாம் பாதியை யாரும் எதிர்பாராத ஆன்சைடு கிக்கோடு (தானே கைப்பற்றுவதற்காகப் பந்தைக் கிட்டத்திலேயே உதைப்பது) தொடங்கிப் பந்தைத் தானே கைப்பற்றி, கடைசியில் ஆட்டத்தையும் ஜெயித்தது. 2025 விதிப்படி பின்தங்கிய அணி மட்டுமே அதை முயல முடிந்தது, அதுவும் முன்கூட்டியே சொல்லிவிட்டு. சொல்லிவிட்டு உதைத்தால் பந்து திரும்பக் கிடைப்பது அபூர்வம்.

ஓங்கி உதைப்பது முழுக்க ஒழிந்துவிடவில்லை. டச்பேக்கில் கடிகாரம் ஓடாது. அதனால் நேரம் மிச்சம் வேண்டிய அணி இப்போதும் எண்ட் ஸோனைத் தாண்டி விளாசும். முன்னிலையில் இருக்கும் அணியோ கடைசி சில விநாடிகளில் வேண்டுமென்றே உள்ளே இறக்கும், எதிரணி ஓடி முடிப்பதற்குள் நான்கைந்து விநாடி கரைந்துவிடும் என்று.