கல்லாவைப் பாருங்கள், பிறகு விலையைப் பாருங்கள்

இந்த முறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கால்வாசி ஃபால்அவுட் நியூ வேகஸ், மீதி ஃபால்அவுட் 4. இரண்டும் அணுப்போருக்குப் பிந்தைய உலகில் நடக்கும் வீடியோ ஆட்டங்கள், அங்கே சோடா பாட்டில் மூடிதான் பணம். எல்லாமே காசு, சரக்கு, சுமை பற்றித்தான். ஒரே கேள்வியை ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

அண்ணே, காசே சேர மாட்டேங்குது, என்ன பண்றது? (கூலிம்)

எந்த ஆட்டம், எந்த லெவல், பார்ட்டர் (பேரம் பேசும் திறன்) எவ்வளவு? இந்த மூன்றையும் எழுதாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது. நல்லவேளை ஒரு படம் அனுப்பியிருந்தீர்கள், அதை வைத்து நியூ வேகஸ் என்று தெரிந்துகொண்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பை நிரம்பி வழிகிறது. தேய்ந்துபோன துப்பாக்கி நாலைந்து, தட்டு, காலி பாட்டில், ஒரு கட்டு கிளிப்போர்டு. தம்பி, தட்டைத் தூக்கிக்கொண்டு பாலைவனத்தில் நடப்பவருக்குக் காசு எப்படிச் சேரும்?

எடையைப் பாருங்கள். விலையை எடையால் வகுத்துப் பத்துக்குக் கீழே வந்தால் அங்கேயே போட்டுவிடுங்கள். சிகரெட் கார்ட்டன் ஒன்று 50 மூடி, எடை 1. போருக்கு முந்தைய பணக்கட்டு 10 மூடி, எடையே கிடையாது, அதைக் கண்ட இடத்தில் எடுங்கள். துப்பாக்கியில் சின்னதும் நல்ல நிலையில் இருப்பதும் மட்டும் போதும். இதை ஒரு வாரம் செய்துவிட்டு எழுதுங்கள்.

ஸ்ட்ரிப் (கசினோக்கள் இருக்கும் தெரு) வாசலில் 2000 மூடி கேட்கிறான் அந்த ரோபோ. அவ்வளவு கொடுத்துவிட்டு உள்ளே போய் என்ன செய்வது? (பந்திங்)

கொடுக்க வேண்டாம், கையில் இருக்கிறது என்று காட்டினால் போதும், அப்படியே உங்களிடமே இருக்கும். அவ்வளவு சேரவில்லை என்றால் வாசலுக்கு வெளியே இருக்கும் ஃப்ரீசைடில் மிக் அண்ட் ரால்ஃப்ஸ் கடையில் 500 போல கொடுத்துப் போலிக் கடவுச்சீட்டு வாங்கலாம், ஆனால் அந்த 500 போனது போனதுதான். நான் என்றால் 2000 சேரும்வரை பொறுத்திருப்பேன்.

ஒரே மாதிரித் துப்பாக்கி மூன்று இருக்கிறது, மூன்றையும் விற்கலாமா? (ரவாங்)

கூடாது. இரண்டை உடைத்து ஒன்றில் சேர்த்துவிடுங்கள். அரைகுறையாக இருக்கும் மூன்றைவிட முழுசாக இருக்கும் ஒன்று நல்ல விலைக்குப் போகும், சுமையும் மூன்றில் ஒன்றாகிவிடும். ரிப்பேர் திறன் 90, லெவல் 14 வந்ததும் ஜூரி ரிக்கிங் என்ற பெர்க்கை (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் சிறப்புச் சலுகை) யோசிக்காமல் எடுங்கள். அப்புறம் அதே துப்பாக்கிதான் வேண்டும் என்பதில்லை, அதே வகையில் மலிவாகக் கிடைப்பதை வைத்தே விலை கூடியதைச் சரிசெய்யலாம். நியூ வேகஸில் காசு சம்பாதிக்க இதைவிட நல்ல பெர்க் எனக்குத் தெரிந்து இல்லை. கடைக்காரரிடம் மூடி கொடுத்துப் பழுதுபார்ப்பது மட்டும் வேண்டாம், ஆரம்பத்தில் பலர் காசை அங்கேதான் விடுகிறார்கள்.

டெட் மனியில் (நியூ வேகஸின் கூடுதல் கதை) 37 தங்கக் கட்டியையும் வெளியே கொண்டுவர வழி சொல்லுங்கள். (தைப்பிங். இதையே ஈப்போவிலிருந்து இருவர், தெலுக் இந்தானிலிருந்து ஒருவர்)

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். வழி உண்டு. ஒளிந்து, மெதுவாக, நேரம் பார்த்து நடந்தால் முழுவதையும் கொண்டுவரலாம், செய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கொண்டுவந்த பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கணக்கைப் பார்ப்போம். கட்டி ஒன்று 35 எடை, 37 கட்டி கிட்டத்தட்ட 1300. பலம் 5 இருப்பவர் 200தான் தூக்குவார். அதாவது மற்றதெல்லாம் தூக்கிப் போட்டாலும் ஐந்து கட்டி. ஒவ்வொன்றும் 10,500 சொச்சம் என்று எழுதியிருக்கும், மொத்தம் 390,000 வரும். அந்த எண்ணைப் பார்த்ததும் எல்லோருக்கும் தலை சுற்றிவிடுகிறது. ஆனால் நீங்கள் விற்கப் போகும் கடையில் கல்லாவில் எவ்வளவு இருக்கிறது? சின்னக் கடையில் சில நூறு, பெரிய கடையில் சில ஆயிரம். விற்றால் பட்டியல் விலையும் கிடைக்காது, பார்ட்டர் குறைவாக இருந்தால் பாதிகூடத் தேறாது. கல்லாவைப் பாருங்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருந்தபோது அப்பா ரப்பர் ஒட்டுப்பாலைச் சேர்த்து வைத்து மாதம் ஒரு தடவை சாக்கில் கட்டி டவுனுக்கு எடுத்துப் போவார், நானும் கூடப் போவேன். வாங்குகிறவர் தராசில் வைக்கும் முன்பே கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார், தண்ணீர் கசிந்தால் விலையில் பிடித்துக்கொள்வார். ஒரு மாதம் நல்ல சரக்கு, அமுக்கினால் ஒரு சொட்டு வரவில்லை. அவரும் நல்ல விலைதான் சொன்னார். ஆனால் கையில் காசு இல்லை, பாதிக்கு அரிசி எடுத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். வேறு வழியில்லாமல் அரிசி மூட்டையோடு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் பள்ளி பஸ் காசு கட்ட வேண்டும். பஸ்காரரிடம் அரிசியைக் கொடுக்க முடியுமா? அம்மா பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கித்தான் கட்டினார்.

தங்கக் கட்டியும் அந்த அரிசி மாதிரிதான். கடையில் பண்டமாற்றுக்கு ஆகும், தோட்டா, கவசம், ஸ்டிம்பேக் (காயம் ஆற்றும் ஊசி) வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நியூ வேகஸ் கிளினிக்கில் பலத்தையோ அதிர்ஷ்டத்தையோ ஒரு புள்ளி கூட்டும் இம்பிளாண்ட் வேண்டும் என்றால் ஒன்றுக்கு 4000, அதை மூடியாகத்தான் எண்ணி வைக்க வேண்டும். டாக்டர் கட்டியை வாங்க மாட்டார்.

அதனால் நாலைந்து கட்டி எடுங்கள், போதும். பெரிய கடையில் ஒரு கட்டியைக் கொடுத்து ஸ்டிம்பேக்கும் நல்ல தோட்டாவும் வாங்குங்கள், கடையில் இருக்கும் மூடியையும் வழித்துவிடுங்கள். அந்த ஸ்டிம்பேக்கைப் போகிற வழியில் சின்னக் கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக மூடியாக மாற்றுங்கள். மூன்று நாள் போல கழித்து கல்லா மறுபடி நிரம்பும், அப்போது அடுத்த கட்டி. நான் ஒரு 555 புத்தகத்தில் எந்தக் கடை, எவ்வளவு எடுத்தேன், எந்த நாள் என்று எழுதி வைப்பேன். நம் வீடுகளில் மளிகைப் பற்று எழுதிய அதே சின்னப் புத்தகம்தான். புத்தகம் வாங்கும் சில்லறைக் காசை மிச்சம் பிடித்துவிட்டு எந்தக் கடை காலி என்று தெரியாமல் அலையாதீர்கள்.

பேரன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சோடா மூடியைப் போய் யார் பணம் என்று வாங்குவார்கள்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், பீடோங்)

நல்ல கேள்வி ஐயா, விளையாடுகிற பிள்ளைகளே இதைக் கேட்பதில்லை. கதைப்படி ஹப் என்ற ஊரின் தண்ணீர் வியாபாரிகள் மூடிக்குப் பதிலாகத் தண்ணீர் தருவதாக ஒப்புக்கொண்டதால்தான் அதற்கு மதிப்பு. 1997இல் வந்த முதல் ஆட்டத்தில் மூடிதான் பணம். 1998இல் வந்த இரண்டாவதில் என்சிஆர் என்ற அரசு தன் காசை அடித்து வெளியிட்டது, மூடி செல்லாமல் போய்விட்டது. நியூ வேகஸ் காலத்துக்குள் அந்த அரசின் தங்க இருப்பு தாக்குதலில் அழிந்து அதன் நோட்டு சரிந்துவிட, வியாபாரிகள் மறுபடி மூடிக்கே வந்துவிட்டார்கள். அதனால்தான் ஆட்டத்தில் அந்த அரசின் 100 டாலர் நோட்டுக்கு 40 மூடிதான்.

உங்கள் வயதில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டை. 1945இல் அவன் போனதோடு அது வெறும் தாளாகிவிட்டது. என் பாட்டியின் தகரப்பெட்டியில் ஒரு கட்டு இருந்தது, பத்து டாலர் நோட்டில் வாழைக்குலை அவ்வளவு அழகாக இருக்கும். நாங்கள் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடினோம். பேரனிடம் அதைச் சொல்லுங்கள் ஐயா, மூடியின் கதை உடனே புரிந்துவிடும்.

140 ஸ்டிம்பேக் இருக்கிறது, கடைசிச் சண்டைக்கு வைத்திருக்கிறேன். சரிதானே? (சிரம்பான்)

சரியில்லை. முப்பது போதும், மீதியை விற்றுவிட்டு இம்பிளாண்ட் போடுங்கள்.

கசினோவில் ஜெயிக்க ஏதாவது வழி? (பத்து காஜா)

அதிர்ஷ்டம் 7க்கு மேல் இருந்தால் பிளாக்ஜாக் ஆடுங்கள், இல்லையென்றால் கிட்டவே போகாதீர்கள். டாப்ஸ் கசினோவில் 10,000 ஜெயித்ததும் இனி ஆடக்கூடாது என்பார்கள், கோமோராவில் 9000. சேவ் பண்ணித் திரும்பத் திரும்ப லோட் பண்ணுவதும் பெரிய உதவியில்லை, லோட் பண்ணியதும் கொஞ்ச நேரம் மேசையில் உட்கார விடமாட்டார்கள்.

ஃபால்அவுட் 4இல் அட்ஹீசிவ் (ஆயுதத்தை மேம்படுத்தத் தேவைப்படும் பசை) எப்போதும் தீர்ந்துவிடுகிறது, கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. (சுங்கை பட்டாணி)

வாங்காதீர்கள், பயிரிடுங்கள். சோளம் 3, மட்ஃப்ரூட் 3, டாட்டோ 3, சுத்தத் தண்ணீர் 1. சமையல் அடுப்பில் வெஜிடபிள் ஸ்டார்ச் வரும், அதில் 5 அட்ஹீசிவ். மூன்று பயிரையும் ஒரே செட்டில்மெண்டில் (நீங்கள் அமைக்கும் குடியிருப்பு) நட்டு ஆளைப் போட்டுவிட்டால் டக்ட் டேப் தேடிக் குப்பையைக் கிளற வேண்டியதில்லை. மேசை விசிறியும் டைப்ரைட்டரும் மட்டும் விடாதீர்கள், ஸ்க்ரூ அதில்தான் இருக்கிறது. காபி கோப்பையை விடுங்கள். எடையைப் பாருங்கள்.

அதே ஆட்டத்தில் தண்ணீர் விற்றே பிழைக்கலாம் என்கிறார்களே, உண்மையா? (கோலா சிலாங்கூர்)

உண்மை. சேங்க்சுவரி குடியிருப்பின் ஆற்றில் பெரிய சுத்திகரிப்பு இயந்திரம் இரண்டு போடுங்கள், ஒன்று 40 தண்ணீர் தரும். ஆட்கள் குடித்தது போக மிச்சம் வொர்க்‌ஷாப்பில் சேரும். அதை அடிக்கடி எடுத்துவிட வேண்டும், அங்கேயே குவிய விட்டால் ஓர் அளவுக்கு மேல் சேராது. எடுத்ததை டைமண்ட் சிட்டி என்ற பெரிய ஊருக்குக் கொண்டுபோங்கள், ஒரே கடையில் கொட்டாமல் நாலு கடைக்குப் பிரித்துக் கொடுங்கள். கல்லா காலியானால் மூடிக்குப் பதிலாகத் தோட்டாவாக வாங்கிக்கொள்ளுங்கள்.